பெயர் பொறித்த வீடு



பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் பலருடைய வாசற்கதவருகே ஒரு சிறு பலகை தொங்குவதுண்டு. குடியிருப்பவரின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கும். மாற்றல் உத்தரவு வந்ததும் சாமான்களைக் கட்டுகிறோம். எல்லாம் முடிந்தபின் அந்தப் பலகையை ஆணியிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறோம். அடுத்து வருபவர் அதே ஆணியில் தம் பெயரை மாட்டுகிறார். சர்க்கார் வீட்டில் ஆணிக்குள்ள நிலைபேறு பெயருக்கு இல்லை என்பது நாமெல்லோரும் அறிந்த உண்மை.

மாஸ்கோ நகரின் நடுவே, அர்பாத் வீதியை ஒட்டிய ஒரு வளைந்த சந்தில், இதற்கு நேர்மாறான ஒரு வீடு இருக்கிறது. அதன் முகப்பின் உச்சியில் ஒரு மனிதரின் பெயரும், அதன்கீழ் அவருடைய தொழிலும் சுவரோடு சுவராகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ‘கான்ஸ்டன்டின் மெல்னிகோவ், கட்டடக் கலைஞர்’ என்பதே அந்த வாசகம். அதைப் பொறித்த சில ஆண்டுகளிலேயே அவருடைய தொழில் அவரை விட்டுப் போயிற்று. பெயரும் வீடும் மட்டும் அவரிடம் எஞ்சின. அந்த வீட்டினுள் அவர் மேலும் ஏறக்குறைய 37 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

மெல்னிகோவ் 1890-ஆம் ஆண்டு மாஸ்கோவில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் குடியானவர் மரபினர். நகரின் புறத்தே இருந்த வேளாண்மைக் கல்விக்கழகத்தைச் சார்ந்த சாலைகளைச் செப்பனிடுவது தந்தையின் வேலை. சிறுவனுக்குப் படம் வரைவதில் விருப்பம் மிகுதி. ஆகவே தெய்வத் திருவுருவங்கள் தீட்டும் ஓவியர் ஒருவரிடம் அவனை வேலை பழக விட்டார்கள். வீட்டு நினைவு தாங்காமல் சில நாட்களிலேயே அவன் திரும்பி வந்துவிட்டான். பின்னர், கட்டடங்களுக்கு வெப்பமூட்டும் சாதனங்களை அமைத்துத்தரும் ஒரு நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். அதன் உரிமையாளர்களுள் ஒருவரான பொறியியலறிஞர் விளாடிமிர் சாப்ளின், பையனின் கைத்திறனைக் கண்டுகொண்டார். தம் செலவிலேயே அவனைப் படிக்கவைத்தார். முதல் முயற்சியில் தவறினாலும், 1905-ஆம் ஆண்டில் மாஸ்கோவின் ஓவிய, சிற்ப, கட்டடக்கலைப் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்தது. முதலில் ஓவியம் கற்றார். பின்னர் சாப்ளினின் அறிவுரைப்படி கட்டடக்கலையைத் தொடர்ந்தார். அதில் தேர்ச்சி பெற்று வெளிவந்த ஆண்டு 1917.

அந்த ஆண்டு எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. பழைய ருஷ்யா சரிந்து புதிய ருஷ்யா பிறந்துகொண்டிருந்தது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் நாட்டை வாட்டின. செங்கல் இல்லை, இரும்பு இல்லை, பணமும் இல்லை. ஆனால் கனவுகளுக்குப் பஞ்சமே இல்லை. புதிய சமுதாயத்துக்குப் புதிய கட்டடம் வேண்டும் என்று இளைஞர் பலர் முன்வந்தனர். கட்டடத்தின் பயனே அதன் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்று சாதித்தவர்கள் கட்டமைப்புவாதிகள் எனப்பட்டனர். மெல்னிகோவ் அவர்களோடு முழுவதும் சேரவில்லை. கணக்கும் பயனும் வேண்டியவைதாம். ஆனால் கலைஞனின் உள்ளுணர்வே முதன்மையானது என்பது அவர் கொள்கை. இதனால் தொடக்கத்திலிருந்தே அவர் தனிவழிப் பயணி ஆனார். பின்னாளில் அவருக்காகப் பேச ஒரு குழுவினரும் இல்லாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1923-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் நடைபெற்ற வேளாண்மை, கைத்தொழில் கண்காட்சியில் புகையிலைத் தொழிலுக்கென ஒரு மரக்கூடம் அமைக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. சாய்ந்து இறங்கும் கூரைகள், வெளியே துருத்திநிற்கும் மேல்தளங்கள், திறந்த வெளியில் சுழன்றேறும் படிக்கட்டு என்று அந்தச் சிறு கட்டடம் பார்த்தவர் கண்ணைப் பறித்தது. மறு ஆண்டு லெனின் மறைந்தார். அவருடைய உடலை வைப்பதற்கான கண்ணாடிப் பேழையை வடிவமைக்கும் பொறுப்பு மெல்னிகோவிடம் வந்தது. பேழை இருந்த நினைவு மண்டபத்தை வடிவமைத்தவர் அலெக்ஸி சூசெவ் என்னும் மூத்த கலைஞர். இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பேச்சின் முடிவில் மீண்டும் வரும்.

மெல்னிகோவின் புகழ் நாட்டெல்லையைக் கடந்த ஆண்டு 1925. பாரிஸ் நகரில் நடந்த உலக அலங்காரக் கலைக் கண்காட்சியில் சோவியத் நாட்டின் கூடத்தை அவர் அமைத்தார். மற்ற நாடுகள் பளிங்கையும் பொன்முலாமையும் கொட்டி இழைத்திருந்த இடத்தில், இவர் மரத்தையும் கண்ணாடியையும் மட்டுமே நம்பினார். செவ்வகமான கூடம் ஒன்றை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு படிக்கட்டு ஏறி இறங்கும். அதன்மேல் சாய்ந்த பலகைகள் விரல்களைக் கோத்ததுபோல் மாறி மாறிக் குறுக்கிட்டு நிற்கும். வழிநடப்பவர் எவரும் உள்ளே நுழையாமலே அக்கட்டடத்தின் ஊடே சென்று மீளலாம். அதே கண்காட்சியில் தம் கூடத்தையும் அமைத்திருந்தவர் லெ கார்புசியே. பின்னாளில், 1950-களில், நம் நாட்டின் சண்டிகர் நகருக்குத் திட்டம் வகுத்தவர் அவரே. பஞ்சாபில் வாழும் நேயர்கள் நாள்தோறும் காணும் அந்தக் கலை இயக்கமும், மெல்னிகோவின் மரக்கூடமும் ஒரே காலத்தில் ஒரே நகரில் அருகருகே நின்றவை என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பாரிஸில் அவருக்குப் பாராட்டோடு வேலையும் வந்தது. 1000 மோட்டார் வண்டிகளை நிறுத்துவதற்கு சீன் ஆற்றின்மீதே ஒரு நிலையம் வரைந்து காட்டினார். அது கட்டப்படவில்லை. அவர் மாஸ்கோ திரும்பினார். அங்கே பஸ் நிலையம் ஒன்றின் தேவை காத்திருந்தது. இங்கிலாந்திலிருந்து வாங்கிய லேலண்ட் பஸ்கள் இரவில் நிறுத்துவதற்குப் பின்னோக்கி நகர்ந்து திரும்புவதற்குள் ஓட்டுநர்கள் படாதபாடு பட்டார்கள். மெல்னிகோவ் அதைக் கவனித்தார். கட்டடத்தைச் சாய்சதுரம்போல் சற்றே சாய்த்து வரைந்தால், பஸ் ஒரு வாயிலால் நுழைந்து, சரிவாக நின்று, மறுநாள் காலை முன்னோக்கியே மற்றொரு வாயிலால் வெளியேறலாம். 104 பஸ்களுக்கு இடமளித்த இந்த பக்மெத்தியெவ் நிலையம் 1926-27-இல் எழுந்தது. அதன் கூரையை அமைத்தவர் விளாடிமிர் சூகோவ் என்னும் புகழ்பெற்ற பொறியியலறிஞர். பஸ் ஓட்டுநரின் சிரமத்திலிருந்து ஒரு புதிய வடிவம் பிறந்தது. பிற்காலத்தில் மெல்னிகோவ் வெறும் உருவப் பித்தர் என்று சொன்னவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

தொடர்ந்து தொழிலாளர் மன்றங்கள் வந்தன. உழைப்பாளிகள் மாலை நேரத்தில் கூடிப் படிக்கவும், நாடகம் பார்க்கவும், பேசவும் தொழிற்சங்கங்கள் கட்டிய மன்றங்கள் இவை. மாஸ்கோவில் ஐந்தும், தூலியோவோ என்ற பீங்கான் தொழிலூரில் ஒன்றுமாக ஆறு மன்றங்கள் மெல்னிகோவின் கைவண்ணத்தில் எழுந்தன. ஒன்றுபோல் மற்றொன்று இராது. இவற்றுள் 1927-29-இல் எழுந்த ருசக்கோவ் மன்றம் உலகப் புகழ் பெற்றது. அரங்கத்தின் இருக்கை வரிசைகள் மூன்று பெரும் காங்கிரீட் பெட்டிகளாகப் பிரிந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு தெருவின்மேல் நீண்டுநிற்கின்றன. தாங்கிப் பிடிக்க அவற்றின் கீழே தூண் இல்லை. பெருங்கூட்டம் வந்தால் ஒரே அரங்கம். சிறு கூட்டமென்றால் நகரும் தடுப்புகளை இழுத்துத் தனித்தனி அரங்குகளாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

இக்காலத்தில்தான், 1927-இல், நகராட்சியினர் அவருக்குச் சொந்த வீடு கட்டிக்கொள்ள ஒரு மனையை அளித்தனர். நிலமெல்லாம் அரசின் உடைமையாகிவிட்ட நாட்டில், தலைநகரின் நடுவே, ஒரு குடும்பத்துக்கென்று தனிவீடு என்பது எத்தகைய அரிய சலுகை என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். புதிய கட்டுமான முறைக்கு இது ஒரு சோதனை, வெற்றி பெற்றால் பலருக்கும் இதுபோல் கட்டலாம் என்ற அடிப்படையிலேயே அனுமதி கிடைத்தது.

இரண்டு நெற்குதிர்களை அருகருகே நிறுத்தி, ஒன்றின் வயிற்றில் மற்றொன்றை அழுத்திப் பொருத்தினால் எப்படியோ அப்படியிருக்கும் அந்த வீடு. ஒன்று உயரம், மற்றது சற்றுத் தாழ்வு. பொருள் என்னவோ செங்கல்லும் மரமும்தான். அவையும் அளவாகவே கிடைத்தன. ஆகவே மெல்னிகோவ் சுவரைத் தேனடைபோல் கட்டினார். செங்கற்களைப் படிப்படியாகத் தள்ளிவைத்து அடுக்கியதால், சுவர் முழுவதும் அறுகோணத் துளைகள் 200-க்கு மேல் அமைந்தன. வேண்டிய இடத்துத் துளைகள் சன்னல்களாயின, அவை அறுபதளவு. மற்றவற்றைக் கட்டட இடிபாடுகளால் நிரப்பிப் பூசிவிட்டார். இதனால் செங்கல் மிச்சமாயிற்று. பாரம் சுவர் முழுவதும் பரவிற்று. மேல்தளத்துக்கும் உத்தரம் இல்லை. பலகைகளை விளிம்பில் நிறுத்திக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, மேலும் கீழும் பலகை அறைந்துவிட்டார். தூணோ உத்தரமோ இன்றி அந்தத் தளம் நிற்கிறது. குடியானவர் வீட்டுப் பொருளைக் கொண்டு எவரும் காணாத வீட்டைக் கட்டினார் என்று சுருங்கச் சொல்லலாம்.

மேலே அவருடைய ஓவியக்கூடம். 38 அறுகோணச் சன்னல்கள் வழியே அங்கு ஒளி பாயும். கீழே குடும்பம் முழுவதற்கும் ஒரே படுக்கையறை. பொன்னிறம் பூசிய அந்த அறையில் கட்டில்கள் தரையோடு பதிக்கப்பட்டிருந்தன. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே மெல்லிய தடுப்புகள் மட்டுமே. உறக்கத்தைப்பற்றி அவருக்கு விசித்திரமான கருத்துகள் இருந்தன. 1929-30-இல் உழைப்பாளிகளின் ஓய்வுக்கென ஒரு ‘பசுமை நகர’த்தை அமைக்கும் போட்டி நடந்தது. அதற்கு இவர் ‘உறக்க சொனாட்டா’ என்ற பெயரில் ஒரு மாளிகையை வரைந்து அனுப்பினார். தலையணை தேவைப்படாதபடி தரையே சாய்ந்திருக்கும். இலைகளின் சலசலப்பையும் அலையோசையையும் இசைக் கருவிகள் எழுப்பித் தொழிலாளரைத் தூங்கவைக்கும் என்பது திட்டம். நடுவர்கள் அதை ஏற்கவில்லை. அவர்களை நாம் குறைகூறவும் மாட்டோம். மேதைகள் சொல்வதெல்லாம் மேதைமை அன்று.

இங்கே வரலாறு திரும்புகிறது. 1932-இல் கலைஞர்களின் தனித்தனிக் குழுக்கள் அனைத்தையும் அரசு கலைத்து, ஒவ்வொரு கலைக்கும் ஒரே சங்கம் என்று விதித்தது. தூண்களும் சிலைகளும் நிறைந்த பழைய அரண்மனைப் பாணி மீண்டும் அரியணை ஏறிற்று. மிலான் நகரில் 1933-இல் நடந்த கண்காட்சி, உலகின் தலைசிறந்த கட்டடக் கலைஞர்களுள் ஒருவராக மெல்னிகோவை அழைத்தது. அவருக்குப் பயண அனுமதி கிடைக்கவில்லை. எனினும் மாஸ்கோவில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தின் தலைமை அவரிடம் இருந்தது. 1930-களின் நடுவில் மோட்டார் நிலையங்கள் இரண்டு அவர் வடிவத்தில் எழுந்தன. அவற்றுள் திட்டக் குழுவின் மோட்டார் நிலையத்தில், வண்டியின் முகவிளக்கைப்போல் ஒரு பெரிய வட்டச் சன்னல் இன்றும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு கதவு மூடிற்று. 1937-இல் கூடிய சோவியத் கட்டடக் கலைஞர்களின் முதல் மாநாட்டை ஒட்டி அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். அதன்பின் அவர் பெயர் சொல்லும் கட்டடம் மாஸ்கோவில் ஒன்றும் எழவில்லை. அப்போது அவருக்கு வயது 47.

அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம் ஒரே ஒரு சொல்: ‘வடிவவாதி’.

மத்திய சர்க்காரின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மை இந்தச் சொல் நெடுநேரம் நிறுத்திவைத்தது. நாள்தோறும் சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச்செல்பவர்கள் நாம். ஒரு சொல்லின் பொருள் ஐயமாக இருந்தால் அகராதியைப் புரட்டுவோம், மேலதிகாரியைக் கேட்போம். உள்ளடக்கத்தை விட்டு உருவத்தையே நாடுகிறவன் என்பதே அகராதி தரும் பொருள். ஆனால் பஸ் ஓட்டுநரின் சிரமத்திலிருந்து பிறந்த கட்டடத்துக்கும், செங்கல் பஞ்சத்திலிருந்து பிறந்த சுவருக்கும் அது எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. பொருந்த வேண்டிய அவசியமும் அங்கு இருக்கவில்லை. திருடன் என்று ஒருவனைச் சொன்னால், திருடவில்லை என்று அவன் சாட்சி கூறலாம். வடிவவாதி என்றால் எதைக் காட்டி மறுப்பது? கட்டிய கட்டடத்தைக் காட்டினால் அதுவே குற்றத்துக்குச் சான்றாகிவிடும். இவ்வாறு, மறுக்கமுடியாத சொல்லே தண்டனைகளுள் கொடியது. அச்சொல்லைத் தமிழில் பெயர்த்துவிடலாம். அது ஒரு மனிதனின் கைகளிலிருந்து பறித்த 37 ஆண்டுகளைப் பெயர்க்க எந்த மொழியிலும் சொல் இல்லை.

நியாயத்துக்காக ஒன்று சொல்லவேண்டும். மெல்னிகோவ் சிறையிடப்படவில்லை. அவர் காலத்து நகர்த் திட்ட அறிஞர் மிகையில் ஒகித்தோவிச் 1935-இல் கைதாகி 1937-இல் உயிரிழந்தார். அந்த அளவுகோலின்படி மெல்னிகோவ் தப்பியவரே. மாஸ்கோவின் நடுவில் இருந்த வீடும் அவரிடமே இருந்தது. இளமையில் கற்ற ஓவியத்துக்குத் திரும்பி, மக்களின் உருவப்படங்களைத் தீட்டிப் பொழுதைக் கழித்தார். 1941-இல் அண்டையிலிருந்த நாடகசாலைமீது குண்டு விழுந்தபோது வீட்டுச் சன்னல்களின் கண்ணாடிகள் நொறுங்கின. வீடு அசையவில்லை. போருக்குப் பின் சில காலம் சரத்தோவ் நகரில் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

காலம் மீண்டும் மாறிற்று. ஸ்டாலின் மறைவுக்குப் பின், 1954-இல் குருஷ்சேவ் கட்டட அலங்காரங்களைக் கண்டித்துப் பேசினார். 1955-இல் அரசாணையும் பிறந்தது. தூண்களும் சிலைகளும் இப்போது வீண்செலவு என்று பழிக்கப்பட்டன. அப்படியானால் அவற்றை மறுத்த மெல்னிகோவை அழைக்கவேண்டுமல்லவா? எவரும் அழைக்கவில்லை. தாமாகவே அவர் போட்டிகளில் கலந்துகொண்டார். நியூயார்க்கில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்கென 1962-இல், தம் 72-ஆம் வயதில், பாரிஸ் காலத்து உற்சாகத்தோடு ஒரு கூடத்தை வரைந்தார். அதுவும் காகிதத்திலேயே நின்றது. 1967-இல் ஆய்வுரை எழுதாமலே அவருக்கு முனைவர் பட்டம் தந்தார்கள். 1972-இல் சிறப்புப் பட்டம் ஒன்றும் வந்தது. வரைவதற்குப் பலகையும் கட்டுவதற்கு மனையும் வேண்டிக் காத்திருந்தவருக்குப் பட்டங்கள் வந்தன. 1974-ஆம் ஆண்டு நவம்பரில், தாம் கட்டிய மாஸ்கோவிலேயே அவர் காலமானார்.

அவருக்குப் பின் ஓவியரான மகன் விக்டர் அந்த வீட்டில் தங்கினார். தந்தையின் பொருள்களை வைத்த இடம் மாறாமல் காத்து, வீடு அரசின் அருங்காட்சியகமாக வேண்டும் என்று இறுதிவரை போராடி, 2006-இல் மறைந்தார். 2014-இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பஸ் நிலையமும் 2012-இல் ஓர் அருங்காட்சியகமாயிற்று. ருசக்கோவ் மன்றம் ஒரு நாடகக் குழுவின் இருப்பிடமாயிற்று.

முன்பு சூசெவ் என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னோம். அவர் ஆற்றல் மிக்கவர். எந்தப் பாணி ஆட்சிக்கு வந்தாலும் அந்தப் பாணியில் திறம்படக் கட்டியவர். உயர்ந்த பரிசுகள் பல பெற்றவர். மாஸ்கோவின் கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. அந்த அருங்காட்சியகத்தின் கிளையாகத்தான் மெல்னிகோவின் வீடு திறக்கப்பட்டது. காற்றுக்கு வளைந்தவரின் பெயரைத் தாங்கிய நிறுவனம், வளையாதவரின் வீட்டைப் பேணுகிறது. இதில் இகழ்ச்சி ஒன்றும் இல்லை. வளைந்தவர் பலருள் நாமும் அடக்கம். குடும்பமும் உத்தியோகமும் உள்ளவர்கள் எல்லோரும் எப்போதோ வளைந்தவர்களே. வளையாத ஒருவர் விட்டுச்சென்றதை நாம் பழுதுபடாமல் காப்பாற்றிக் கொடுத்தால், அதுவே நம்மால் இயன்ற கடமை.

மெல்னிகோவின் வீட்டைப்போல் வேறொரு வீடு கட்டப்படவில்லை. பலருக்கும் முன்மாதிரி என்று தொடங்கிய சோதனை ஒன்றோடு நின்றுவிட்டது. அந்த வகையில் அது தோல்வியே. ஆனால் கட்டும் உரிமையை இழந்த ஒருவர், தாம் யார் என்று கேட்பவர்க்கெல்லாம் காட்ட அந்த ஒரு சுவர் போதுமாயிருந்தது. வடிவவாதி என்று அவரை அழைத்த அறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் பழுப்பேறிக் கிடக்கின்றன. முகப்பிலோ, அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது: கட்டடக் கலைஞர்.